அண்ணி நெய்தாள், அண்ணன் சமைத்தான்

என் அண்ணி கற்பகம் ஆரணிக்கு வாழ வந்தது எழுபத்திரண்டாம் வருடம் தை மாதத்தில். தேவிகாபுரத்துப் பெண். அங்கேயும் பட்டு நெசவுதான். அவள் அப்பாவுக்குப் பிறந்ததெல்லாம் பெண்கள். ஆண் பிள்ளை இல்லை என்பதற்காகத் தறியைச் சும்மா போட்டு வைக்க முடியுமா என்று, மூத்தவளான கற்பகத்தையே உட்கார வைத்து நெய்யப் பழக்கிவிட்டார். கல்யாணப் பேச்சில் இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால், ஆம்பளை மாதிரி வளர்ந்த பெண் என்று வரன் தட்டிப்போய்விடும் என்று பயந்திருக்கிறார்கள்.

பயத்தில் நியாயம் இருந்தது. எங்கள் தெருவில் அந்த நாளில் பட்டுத் தறியில் ஆண்கள்தான் உட்காருவார்கள். குழிக்குள் காலை விட்டு மிதிப்பலகையை மிதிப்பது ஆணின் வேலை. பெண்கள் ராட்டினம் சுற்றுவோம், குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் சுற்றித் தருவோம், விடியலில் நெடுக்கு இழைகளைச் சேர்த்துத் தெருவில் பாவு நீட்டும்போது கூடவே ஓடி அறுந்த இழைகளை முடிவோம். ஒரு புடவைக்கு ஆகிற வேலையில் பாதி எங்கள் கையில்தான் நடக்கும். ஆனால் யார் நெய்த புடவை என்று கேட்டால் வீட்டு ஆணின் பெயரைத்தான் சொல்வார்கள். நாங்களும் கூச்சமில்லாமல் அப்படித்தான் சொல்லுவோம்.

எங்கள் வீட்டில் அப்பா இல்லை. அம்மா கன்னியம்மாள், அண்ணன் பழனி, நான் சாவித்திரி. மூன்று பேர்தான். அண்ணி வந்தபோது நான் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்குத் தறி பிடிக்கவில்லை. அப்பா இறந்ததும் அந்த இடத்தில் உட்கார வேறு ஆள் இல்லாததால் உட்கார்ந்தவன் அவன். மாணிக்கவேல் முதலாளி பட்டும் சரிகையும் கொடுப்பார். அண்ணன் நெய்து கொண்டுபோய்க் கொடுப்பான். அவர் புடவையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, "இன்னா பழனி, கரை ஒரு எடத்துல நேரா போவுது, ஒரு எடத்துல நெளியுது. உங்கப்பன் கையி உனக்கு வரலியே" என்பார். அண்ணன் குனிந்த தலையோடு கூலியை வாங்கிக்கொண்டு வருவான். அன்றைக்கெல்லாம் அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அதே அண்ணன், உறவில் ஒரு கல்யாணம் என்றால் முந்தின நாளே போய்விடுவான். பந்தலுக்குப் பின்னால் கோட்டை அடுப்பு மூட்டுகிற இடத்தில்தான் அவனைப் பார்க்கலாம். சமையல்காரருக்குக் காய் நறுக்கிக் கொடுப்பான், சாம்பாரைக் கிளறுவான், உப்புப் பார்ப்பான். திரும்பி வரும்போது புகை வாசனையும் சிரித்த முகமுமாக வருவான். வீட்டில் சாப்பிடும்போது, "புளி கொஞ்சம் தூக்கலா கீதும்மா. வெந்தயத்த வறுத்துப் போட்டிருந்தா அமுங்கியிருக்கும்" என்று சொல்லிவிடுவான். "ஆம்பளைக்கு எதுக்குடா அடுப்படி ஞாயம்?" என்று அம்மா அவன் வாயை அடைத்துவிடுவாள்.

அண்ணி வந்த அதே வருடம் நான் பெரியவளானேன். பள்ளிக்கூடம் போதும் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். வீட்டில் நூல் சுற்ற ஆள் வேண்டும், இனிமேல் தெருவில் நடந்து போய் வருவது சரியாக இருக்காது என்று காரணம் சொன்னாள். நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். எதிர்த்துப் பேசத் தெரியவில்லை. புதுப்பெண்ணாக வந்து ஒரு வருடம்கூட ஆகாத அண்ணிதான் பேசினாள்.

"அத்த, சாவித்திரி செய்யற வேலைய நான் செய்யறேன். அது பள்ளிக்கூடம் போவட்டும்."

"உன் வேலைய யாரு செய்வா?"

"ரெண்டையும் நானே செய்யறேன்."

அம்மா அதற்கு என்ன சொல்வாள்? ஆள் குறையவில்லை, வேலையும் குறையவில்லை. நான் மறுபடியும் பள்ளிக்கூடம் போனேன். காலையில் நான் கிளம்பும்போது அண்ணி ராட்டினத்தில் இருப்பாள். சாயந்திரம் திரும்பும்போதும் ராட்டினத்தில்தான் இருப்பாள். இடையில் எத்தனை முறை எழுந்து சமைத்தாள், துவைத்தாள், தண்ணீர் இறைத்தாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் வயதில் அந்தத் தெருவிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. வரை போன பெண்கள் மிகக் குறைவு. நான் போனது அவள் முதுகு வலியின் மேல்தான்.

அடுத்த வருடம் ஆடி மாதம். படவேட்டில் அம்மன் கோயிலுக்குக் கூழ் வார்க்கவும் சமைக்கவும் அண்ணன் போய்விட்டான். அம்மாவும் கூடப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் நானும் அண்ணியும் மட்டும். தறியில் புடவை ஒரு கஜம் பாக்கியாக நின்றது. மறுநாள் முதலாளிக்குக் கொடுக்க வேண்டிய புடவை. அண்ணி தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தறியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் குழிக்குள் காலை இறக்கினாள்.

"யார்கிட்டயும் சொல்லாத சாவித்திரி."

அண்ணன் நெய்யும்போது தறி இரண்டு அடி ஓடும், நிற்கும், யோசிக்கும், மறுபடி ஓடும். அண்ணி உட்கார்ந்ததும் அந்தத் தறி நிற்கவே இல்லை. ஊடை நூலைச் சுமந்த நாடா ஒரு கையிலிருந்து மறு கைக்கு வழுக்கிக்கொண்டு போனது. அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு அமைதி இருந்தது. நான் வாய் திறந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

அண்ணன் வந்து புடவையைத் தடவிப் பார்த்தான். எது தன் நெசவு, எது வேறு கை என்று அவனுக்குத் தெரியாதா? அண்ணியின் முகத்தைப் பார்த்தான். "நீயா?" என்றான். அவள் தலையை ஆட்டினாள். கோபப்படுவான் என்று நான் நினைத்தேன். அவன் பெருமூச்சு விட்டான். முதுகிலிருந்து அரிசி மூட்டையை இறக்கி வைத்தவன் விடுவானே, அப்படி ஒரு மூச்சு.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மத்தியானத்தில் தெரு அடங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணி நெய்வாள். அண்ணன் உள்ளே அடுப்பைப் பார்த்துக்கொள்வான். அம்மாவுக்கு இது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. வெளியே தெரியாமல் இருந்தால் சரி என்று வாயை மூடிக்கொண்டாள். மாணிக்கவேல் முதலாளியும் குறை சொல்வதை நிறுத்திவிட்டார்.

விஷயம் வெடித்தது எழுபத்து நான்கில், தீபாவளிக்கு முன்னால். முதலாளியின் கடையில் நெசவாளர்கள் எல்லாம் புடவை கொடுக்கக் கூடியிருந்திருக்கிறார்கள். அவர் எங்கள் வீட்டுப் புடவையை எல்லாருக்கும் எதிரில் விரித்துக் காட்டி, "பாருங்க, பழனி கையி எப்படித் தேறிடுச்சின்னு. கரை கோடு போட்டாப்ல கீது. அவுங்கப்பனத் தாண்டிட்டான்" என்று சொல்லியிருக்கிறார். எல்லாரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

அண்ணன் அன்று வீட்டுக்கு வந்து எங்களிடம் சொன்னது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. "திட்டு வாங்கினு நின்னதெல்லாம் தாங்கிக்கினேன். அந்தப் பாராட்டத் தாங்க முடியல. அது என் கை இல்லிங்க மொதலாளி, என் சம்சாரம் நெய்ஞ்சதுன்னு சொல்லிட்டேன்."

அண்ணி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

சாயந்திரம் தசரதன் பெரியப்பா வந்துவிட்டார். அப்பாவின் பங்காளி. தெருவில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் சொல்தான் முதலில் நிற்கும். நாற்காலியில் உட்கார்ந்ததும் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சியாடா? ஒரு வருசமா அந்தத் தறி சத்தத்தக் கேட்டுகினுதான் கீறோம். உன் மிதி வேற, அந்த மிதி வேற. உள்ள நடக்கறது உள்ளயே கெடக்கட்டும்னு வுட்டோம். நீ கடையில போயி ஊருக்கே சொல்லிட்டு வந்திருக்கியே."

"நான் பொய்யா சொன்னேன் பெரியப்பா?"

"நெசமா இருந்தா சொல்லிடறதா? பொண்டாட்டி ஒழைப்புல சாப்பிடறான்னு நாளைக்கு நாலு பேரு பேசமாட்டான்?"

"ராட்டினம் சுத்துனதும் அவதான், பாவுல அறுந்தத முடிஞ்சதும் அவதான். அது ஒழைப்பு இல்லியா? அப்ப மட்டும் நான் யாரு ஒழைப்புல சாப்பிட்டேன்?"

பெரியப்பா பேச்சை மாற்றினார். "சரி, அவ தறியில ஒக்காந்தா நீ இன்னா பண்ணுவ?" என்றார்.

"நான் சமையல் வேலைக்குப் போறேன். வேலை இல்லாதப்ப வீட்டுல நான் ஆக்கிப் போடறேன்."

 அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பெரியப்பா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அன்று எனக்கு ஒன்று புரிந்தது. பெண் தறியில் உட்கார்ந்ததை அந்தத் தெரு எப்படியோ பொறுத்துக்கொண்டிருக்கும். கஷ்ட காலம், பாவம், வேறு வழியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆண் மனசார அடுப்படிக்குப் போகிறேன் என்றதைத்தான் தெருவால் பொறுக்க முடியவில்லை. பெண் ஏறுவதைவிட ஆண் இறங்குவது பெரிய அவமானமாகத் தெரிந்தது. அடுப்படியைக் கீழான இடம் என்று எல்லாரும் மனதுக்குள் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அந்தக் கீழான இடத்தில்தான் அம்மா தன் ஆயுளைக் கழித்திருந்தாள். அவளும் சேர்ந்துதான் அழுதாள்.

முதலாளி பாவு கொடுப்பதை நிறுத்திவிட்டார். மற்ற நெசவாளர்கள் முகம் சுளித்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. தறி வெறுமனே நின்றது. அண்ணி மற்ற வீடுகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்தாள். அண்ணன் வந்தவாசியில் இராஜமாணிக்கம் என்ற கல்யாணச் சமையல்காரரிடம் சேர்ந்தான். முகூர்த்த நாட்களில் பஸ் ஏறிப் போய்விடுவான். தெருப் பிள்ளைகள் அவனுக்குக் 'கரண்டி பழனி' என்று பெயர் வைத்தார்கள். அவன் கோபிக்கவில்லை. "பேரு நல்லாத்தான் கீது. ஊருக்கு ஊரு பழனி கீறான், கரண்டி பழனி நான் ஒர்த்தன்தான்" என்று சிரிப்பான். அவன் சிரித்ததால் அந்தப் பெயருக்கு முள் இல்லாமல் போய்விட்டது. பிறகு அதுவே அவன் தொழிலுக்குப் பெயராக நின்றது.

அந்த நாட்களில் அம்மா இருவரோடும் பேசவில்லை. அண்ணன் சமைத்த நாட்களில் மோரும் சோறும் மட்டும் கரைத்துக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள்.

பொங்கல் கழிந்து கல்யாண நாட்கள் நெருங்கியபோது ஒரு காலை மாணிக்கவேல் முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்தார். மெட்ராஸ் கடைக்காரர்கள் எங்கள் வீட்டு நெசவையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். அதை அவர் நேராகச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடி அண்ணனைப் பார்த்து, "பாவு ஒண்ணு தயாரா கீது பழனி. அனுப்பட்டுமா?" என்றார்.

"நெய்யப்போறவ அவ. அவளக் கேளுங்க."

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அண்ணியை நேராகப் பார்த்துப் பேச அவருக்கு வழக்கமில்லை. "இன்னாம்மா, நெய்யுறியா?"

அண்ணி கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "நெய்யுறேங்க. ஆனா இனிமே கதவ சாத்திகினு நெய்ய மாட்டேன். உள்ள வெளிச்சம் பத்தல, கண்ணு வலிக்குது. அப்புறம், கூலிய என் கையில குடுங்க."

முதலாளி மறுபடியும் அண்ணனைப் பார்த்தார்.

"அவ கை நெய்யுது, அவ கையில குடுக்கறதுல இன்னாங்க கஷ்டம்?" என்றான் அண்ணன்.

இரண்டு நாளில் பாவு வந்தது. அண்ணி தெருக்கதவை அகலத் திறந்து வைத்து நெய்தாள். முதல் வாரம் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் நின்று எட்டிப் பார்த்தார்கள். அரிசி மில்லுக்குப் போகிற பெண்கள்கூட எங்கள் தெரு வழியாகச் சுற்றிப் போனார்கள். பிறகு பழகிவிட்டது. அடுத்த மாதம் பார்க்க ஆள் இல்லை.

பழகாதவள் அம்மாதான். மாதத்தில் அந்த மூன்று நாள் அண்ணி தறிப்பக்கம் வரக்கூடாது என்று கண்டிப்பாக இருந்தாள். அண்ணி கொல்லைப்புறத்துச் சாய்ப்பில் தனியாக உட்கார்ந்திருப்பாள். தறி நிற்கும். "பட்டுக்குத் தீட்டுன்னா, அந்தப் பட்டக் கட்டிக்கப் போறவளுக்கும் அது உண்டே அத்த" என்று ஒரே ஒரு முறை மெதுவாகக் கேட்டிருக்கிறாள். அம்மா எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். அடுத்த மாதமும் அண்ணி சாய்ப்பில்தான் உட்கார்ந்தாள்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, வேலூரில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அதற்கு அனுப்பியதும் அண்ணிதான். விடுதியில் இருந்தபோது ஒரு நாள், அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள், உடனே வா என்று தகவல் வந்தது. என்ன நடந்தது என்பதைப் பிறகு அம்மாவே என்னிடம் சொன்னாள்.

அண்ணன் வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். அண்ணிக்கு அந்த மூன்று நாளில் ஒரு நாள். கொல்லைச் சாய்ப்பில் உட்கார்ந்திருந்தவள், சத்தம் கேட்டு ஓடி வந்தாள். அம்மா துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எழ முடியாமல் கிடந்தாள். அண்ணி ஒரு நொடி நின்றாளாம். தொடலாமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாளாம்.

"அப்படி நின்னு பாத்தா பாரு சாவித்திரி, அப்பதான் எனக்கு உள்ள இன்னமோ பண்ணிச்சி. வலியில உயிரு போவுது. அந்த நேரத்துல என்னத் தூக்கறதுக்கு அது எங்கிட்ட உத்தரவு கேக்குது. அப்படி வெச்சிருந்திருக்கேன் அந்தப் பொண்ண."

அம்மா கையை நீட்டியிருக்கிறாள். அண்ணி அவளைக் குழந்தை மாதிரி வாரி எடுத்து உள்ளே கொண்டுவந்து, தறிக்குப் பக்கத்தில் இருந்த கட்டிலில்தான் படுக்க வைத்திருக்கிறாள். தீட்டு என்ற சொல்லை எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. பேசி முடிவெடுத்துக் கைவிட்டதல்ல அது. தானாக உதிர்ந்துபோனது.

தொடை எலும்பு முறிந்து அம்மா மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தாள். குடும்பத்துக்கு நிலையான வருமானம் அண்ணியின் தறிதான். அதனால் அம்மாவைக் கவனித்தது பெரும்பாலும் அண்ணன். கஞ்சி காய்ச்சுவான், ரசம் வைப்பான், தலை சீவிவிடுவான், கால் பிடித்துவிடுவான். முதலில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பசியும் ரசத்தின் வாசனையும் சேர்ந்து அவள் பிடிவாதத்தைக் கரைத்துவிட்டன. நான் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நாள், தெருப் பெண்கள் சிலர் அம்மாவைப் பார்க்க வந்தார்கள். அண்ணன் ஸ்பூனால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தான். தறி ஓடிக்கொண்டிருந்தது.

வந்தவர்களில் ஒருத்தி உச்சுக்கொட்டினாள். "இன்னா கொடுமை கன்னியம்மா. மருமக அங்க தடால் தடால்னு நெய்ஞ்சிகினு கீறா. ஆம்பளப் புள்ள ஒக்காந்து கஞ்சி ஊட்டறான்."

அம்மா வாயிலிருந்ததை நிதானமாக விழுங்கினாள். "ஏண்டி, உனக்கு மூணு ஆம்பளப் புள்ளைங்க. ஒர்த்தன் கையால ஒரு வாயி கஞ்சி குடிச்சிருக்கியா நீ? எனக்குக் கெடச்சிருக்கு. பாத்துட்டுப் போ" என்றாள்.

தறிச் சத்தம் நின்றது. அண்ணி அங்கிருந்தபடியே திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.  கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் நெய்ய ஆரம்பித்தாள்.

பயிற்சி முடிந்து எனக்குத் தெள்ளாரில் ஆசிரியை வேலை கிடைத்தது. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு இடம் கிட்டத்தட்ட முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. கடைசியில் தரகர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "பொண்ணு டீச்சரு, அதுல ஒரு கொறையும் இல்லன்றாங்க. அண்ணன் கரண்டி புடிக்கிறாரு, அண்ணி தறியில ஒக்கார்றாங்க. நாளைக்கி எங்க வூட்டுலயும் பொண்ணு இதே ஞாயத்தப் பேசும்னு யோசிக்கிறாங்க."

அவர் போனதும் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான். முதலாளி திட்டியபோது இருந்த முகம் அது. அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உனக்கு ஒரு நல்லது நடக்கும்னா நான் தறிய வுட்டுடறேன் சாவித்திரி. பழையபடி ராட்டினம் சுத்தறேன். எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல" என்றாள். சொல்லும்போதே அவள் கண் தறிப்பக்கம் போனது.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அவங்க சொன்னதுல இன்னா தப்பு அண்ணி? நான் அதே ஞாயத்ததான் பேசுவேன். முன்னாடியே தெரிஞ்சிகினாங்களே, நல்லதாப் போச்சி."

கட்டிலில் இருந்த அம்மா முதலில் சிரித்தாள். பிறகு எல்லாருமே சிரித்துவிட்டோம்.

அடுத்த வருடம் தெள்ளாரில் என்னோடு வேலை செய்த பலராமன் தன் வீட்டாரோடு பெண் பார்க்க வந்தார். அண்ணன் வத்தக்குழம்பு வைத்திருந்தான். அவர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இத எப்படிங்க வெச்சிங்க?" என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் சொல்லச் சொல்ல, பாடம் கேட்கிற மாதிரி கவனமாகக் கேட்டுக்கொண்டார். பெண்ணைப் பார்க்க வந்தவர் குழம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது அவருடைய அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. இன்றுவரை எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவருடையது. அண்ணன் கைப்பக்குவம் அவருக்கு வராது. நான் அதைச் சொல்வதில்லை.

எண்பத்தைந்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் மகளிர் தினம் என்று ஒரு கூட்டம் வைத்தார்கள். பெண் விடுதலை பற்றிப் பேச வேண்டும் என்று தலைமையாசிரியர் என்னைக் கேட்டுக்கொண்டார். சம உரிமை, சம வாய்ப்பு என்று நானும் பேசினேன். முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "அப்ப இது ஆம்பளைங்களுக்கு எதிரானதா டீச்சர்?" என்று கேட்டாள். தயார் செய்துகொண்டு போன பேச்சில் இதற்குப் பதில் இல்லை. அதனால் எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன். தறியில் முடங்கிக் கிடந்த ஒருவன் வெளியே வந்ததையும், அவன் வெளியே வந்ததால் ஒருத்திக்கு இடம் கிடைத்ததையும் சொன்னேன். என் அண்ணனுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்ததும் இந்தப் பெண் விடுதலைதானம்மா என்றேன். பெண்கள் கை தட்டினார்கள். பின்வரிசையில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கேட்டார்கள் அல்லவா, அது போதும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போது ஆரணியில் எங்கள் தெருவில் பல வீடுகளில் பெண்கள் நெய்கிறார்கள். அண்ணியைப் பார்த்து வந்தவர்களும் உண்டு, கஷ்டத்தினால் வந்தவர்களும் உண்டு. ஆனால் எதிர்வீட்டு ரேணுகாம்பாள் காலையில் எழுந்து சமைத்துவிட்டுத் தறியில் உட்காருகிறாள், இறங்கி மறுபடியும் சமைக்கிறாள். கூலி அவள் புருஷன் தருமன் கையில் போகிறது. அவனைக் கேட்டால், "அவ ஒத்தாசைக்கு நெய்யுறா" என்பான். அவள் நெய்தாலும் அது ஒத்தாசைதான். அவள் பெண் எட்டாவதோடு நின்றுவிட்டாள், வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமாம். தறியில் பெண்ணை உட்கார வைக்கத் தெரு பழகிக்கொண்டது. அவள் தலையிலிருந்த சுமையில் பாதியை இறக்கி வைக்க இன்னும் பழகவில்லை. அந்தப் பாதி இறங்காமல் சமம் என்று எதைச் சொல்வது? அண்ணி சும்மா இருப்பவள் இல்லை. போன மாதம் அந்தப் பெண்ணின் படிப்பு விஷயமாகத் தருமனிடம் பேசிவிட்டு வந்திருக்கிறாள். அவன் யோசிக்கிறேன் என்றானாம். யோசிப்பான் என்று அண்ணி நம்புகிறாள். நானும் நம்புகிறேன்.

இந்தப் பொங்கலுக்கு ஆரணி போயிருந்தோம். பஸ் நிலையத்திலிருந்து நடந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல மத்தியானம். கூடத்தில் அண்ணி பாயில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கை தலைக்கு அடியில். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலைமயிரில் நரை கலந்திருந்தது. நான் கூப்பிடப் போனேன். அண்ணன் அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "எழுப்பாத பாப்பா, தூங்கட்டும். சாப்பாடு ஆயிடுச்சி. நீங்க கை கழுவுங்க" என்றான்.

பட்டப்பகலில், வீட்டில் விருந்தாளிகள் வந்திருக்கும்போது, யாரும் எழுப்பாமல் தூங்குகிற ஒரு பெண்ணை நான் அதற்கு முன் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. என் அம்மா, நடமாட்டமாக இருந்த காலத்தில், அப்படித் தூங்கியதில்லை. நான்கூட இன்னும் அப்படித் தூங்கப் பழகவில்லை. என் படிப்பு, என் சம்பளம், நான் பேசத் தெரிந்துகொண்ட பேச்சு எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தத் தூங்குகிற முகம் இருந்தது. நன்றி என்று வாய்விட்டுச் சொன்னால் அண்ணிக்கு வெட்கம் வந்துவிடும். அதனால் ஓசைப்படாமல் அவள் கால்மாட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பிட எழுந்து போனேன்.